வெடிமருந்துக் கரியில் பிறந்த வைரத்தூள்... நழுவி ஓடும் நியூட்ரான்களுக்கு வேலி!

1963-ம் ஆண்டு. சோவியத் யூனியனின் யூரல் மலைப்பகுதியில், வெளியாட்கள் நுழைய முடியாத ஓர் அணு ஆயுத ஆய்வு நகரம். இன்றைக்கு அதன் பெயர் ஸ்னெஷின்ஸ்க். அங்கே சில விஞ்ஞானிகள், வெடிப்பின் அழுத்தத்தால் கிராஃபைட்டை நசுக்கி வைரமாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் கிராஃபைட்டே வைக்காமல் வெறும் வெடிமருந்தை மட்டும் வெடிக்கவைத்துப் பார்த்தார்கள். மிஞ்சிய கரியைச் சோதித்தால், அதற்குள்ளும் வைரம்!

டி.என்.டி, ஆர்.டி.எக்ஸ் போன்ற வெடிமருந்துகளின் மூலக்கூறுகளிலேயே கார்பன் இருக்கிறது. மூடிய கலனுக்குள் வெடிக்கும்போது கண நேரத்துக்கு எழும் அழுத்தமும் வெப்பமும் அந்தக் கார்பனில் ஒரு பகுதியை வைரமாக இறுக்கிவிடுகின்றன. 'வைரம்' என்றதும் நகைக்கடை ஷோகேஸ் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். இதில் ஒரு துகளின் அளவு வெறும் 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இவற்றை வரிசையாக அடுக்கினால் சுமார் 15,000 துகள்கள் வேண்டும். பார்ப்பதற்கு அடுப்புச் சாம்பல் மாதிரிதான் இருக்கும்.

ராணுவ ரகசியம் என்பதால் பல ஆண்டுகள் இந்தச் சங்கதி வெளியே வரவில்லை. 1980-களின் இறுதியில்தான் ஆய்விதழ்களில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதன்பிறகு மெருகேற்றும் பொடியாகவும், உராய்வைக் குறைக்கும் எண்ணெய்களில் கலவையாகவும் இது தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. இப்போது இதே சாம்பல்நிறத் தூளை, இயற்பியலின் சில பெரிய கேள்விகளுக்கு விடை தேடும் விஞ்ஞானிகள் கையில் எடுத்திருக்கிறார்கள். காரணம், உலகில் வேறெதுவும் சரியாகச் செய்யாத ஒரு வேலையை இது செய்கிறது. மெதுவாகப் போகும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்புகிறது.

எதற்கு நியூட்ரானைப் பிடிக்க வேண்டும்?

அணுவின் கருவுக்குள் இருக்கும் இரண்டு வகைத் துகள்களில் ஒன்று புரோட்டான், இன்னொன்று நியூட்ரான். 1932-ல் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்த இந்தத் துகளுக்கு மின்னேற்றம் கிடையாது. அதுவே அதன் பலம். மின்னேற்றம் இல்லாததால் எந்தப் பொருளுக்குள்ளும் சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். எக்ஸ்-ரே கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஹைட்ரஜன், லித்தியம் போன்ற லேசான அணுக்களை நியூட்ரான் நன்றாகவே 'பார்க்கும்'. பேட்டரிக்குள் லித்தியம் எப்படி நகர்கிறது, ஒரு புரதத்தில் ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள நியூட்ரான் கற்றையைத்தான் தேடிப் போகிறார்கள்.

இதற்கு நம்மூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற குட்டி அணுஉலையின் திறன் வெறும் 30 கிலோவாட். மின்சாரம் தயாரிக்க அல்ல, நியூட்ரான்களுக்காகவே கட்டப்பட்டது. விண்வெளித் திட்டத்தில் பயன்படும் வெடிக்கருவிகளைப் பிரிக்காமலேயே உள்ளே மருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று படமெடுத்துப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்த உலையின் மையத்தைச் சுற்றி பெரிலியம் ஆக்சைடு வைத்திருக்கிறார்கள். வெளியே தப்பிக்கும் நியூட்ரான்களைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு. இதற்குப் பெயர் பிரதிபலிப்பான். கிராஃபைட், கன நீர் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

ஆக, பிரதிபலிப்பான் என்பது புதிய விஷயமல்ல. அப்புறம் எதற்கு வைரத்தூள்? சிக்கல் வேகத்தில் இருக்கிறது.

விரட்டினால் நிற்கும், மெதுவாகப் போனால் தப்பிக்கும்!

யுரேனியம் அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரானின் வேகம் நொடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர். நீரிலோ கன நீரிலோ மோதி மோதி அது நொடிக்கு 2,200 மீட்டர் அளவுக்குக் குறையும். மைனஸ் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த திரவ டியூட்டீரியத்துக்குள் அனுப்பினால் இன்னும் மெதுவாகும். இப்படிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் நொடிக்கு 7, 8 மீட்டருக்கும் கீழே வந்துவிட்டால் ஓர் அதிசயம் நடக்கிறது. நல்ல சுவர் எதில் மோதினாலும், எந்தக் கோணத்தில் மோதினாலும், நியூட்ரான் ரப்பர் பந்துபோலத் திரும்பி வந்துவிடும். உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடிகளில் ஓடினார் அல்லவா? அந்த ஓட்டத்தைவிட மெதுவான நியூட்ரான்கள் இவை. மேல்நோக்கி நொடிக்கு 5 மீட்டரில் எறிந்தால் ஒன்றேகால் மீட்டர் உயர்ந்துவிட்டு, கல் மாதிரி கீழே விழும்!

இப்படிப்பட்டவற்றை ஜாடியில் அடைத்து வைக்கலாம் என்று சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் 1959-லேயே சொன்னார். 1968-ல் டுப்னா நகர ஆய்வகத்தில் அவற்றைக் கண்ணெதிரே நிரூபித்தார்கள்.

சரி, வேகமானவற்றுக்குக் கிராஃபைட், மிக மெதுவானவற்றுக்கு எந்த நல்ல சுவரும். நடுவில் இருப்பவை?

அங்கேதான் ஓட்டை. குவாண்டம் உலகில் நியூட்ரானும் ஓர் அலைதான். வேகம் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். கிராஃபைட்டில் கார்பன் அடுக்குகளுக்கு இடையிலான தூரம் ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நியூட்ரானின் அலைநீளம் இந்த இடைவெளியைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், அந்த அடுக்குகளால் அதைச் சிதறடிக்க முடியாது. நொடிக்கு சுமார் 600 மீட்டருக்குக் கீழே போகும் நியூட்ரானுக்கு கிராஃபைட் கிட்டத்தட்ட கண்ணாடி ஜன்னல். பெரிலியம் அதைவிட மோசம், நொடிக்கு 1,000 மீட்டரிலேயே கைவிட்டுவிடும். ஆய்வகங்களில் இதையே சாதகமாக்கி, மெதுவான நியூட்ரான்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் சல்லடையாகப் பெரிலியத்தைப் பயன்படுத்துவது தனிக்கதை.

நொடிக்கு 10 மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை வேகமுள்ள நியூட்ரான்களுக்குப் பல ஆண்டுகளாக உருப்படியான வேலியே இல்லை. அவ்வளவு பாடுபட்டு வேகத்தைக் குறைத்த பிறகு, நாலாபுறமும் சிதறி வீணாகின்றன. நியூட்ரான் தாராளமாகக் கிடைத்தால் இது பெரிய கவலை இல்லை. ஆனால், 2019-ம் ஆண்டில் மட்டும் பெர்லினிலும், பாரிஸுக்கு அருகே சாக்லேயிலும் இருந்த இரண்டு முக்கியமான ஆய்வு அணுஉலைகள் நிரந்தரமாக மூடப்பட்டன. புதிதாக ஒன்றைக் கட்ட பல்லாண்டுகளும் பெருந்தொகையும் தேவை. இருப்பதைச் சிந்தாமல் சிதறாமல் பயன்படுத்துவதுதான் வழி.

கற்கண்டும் கற்கண்டுத் தூளும்

சமையலறையில் ஒரு சின்னச் சோதனை. நல்ல கற்கண்டுக் கட்டி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். அதையே உரலில் இட்டு இடித்தால்? வெள்ளை வெளேர் தூள். சர்க்கரை அதே சர்க்கரைதான். ஆனால், ஒளி இப்போது உள்ளே போய்த் துகளுக்குத் துகள் மோதி, வழிதவறி, நுழைந்த பக்கமே திரும்பி வந்துவிடுகிறது. ஒவ்வொரு துகளும் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டியதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் திசைதிருப்பினால் போதும்.

நியூட்ரானுக்கும் இதே உபாயம்தான். ஆனால், எவ்வளவு நுணுக்கமாக இடிக்க வேண்டும்? நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் நியூட்ரானின் அலைநீளம் சுமார் 4 நானோமீட்டர். வெடிமருந்துக் கரியில் கிடைத்த வைரத் துகளின் அளவு? அதே 4, 5 நானோமீட்டர். யாரோ ஆர்டர் கொடுத்துச் செய்ததுபோல!

அளவு பொருந்தினால் என்ன லாபம்? அப்படி ஒரு துகளில் ஏறத்தாழ 8,000 கார்பன் அணுக்கள் இருக்கும். தனித்தனியே இருந்தால் 8,000 அணுக்களின் வேலை 8,000 பங்கு மட்டுமே. ஆனால், அலைநீளத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும்போது, அவை சிதறடிக்கும் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒத்துப்போகின்றன. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, ஒரே குரலில் இழுத்தால்தான் அசையும். ஒத்துப்போகும் அலைகளின் கணக்கு இன்னும் ஒரு படி மேல். எண்ணிக்கை, அதன் வர்க்கமாகிவிடும். 8,000 பங்கு என்பது 8,000 முறை 8,000 பங்காக, அதாவது 6 கோடிக்கும் மேலாக எகிறும். துகள் இதைவிட மிகச் சிறிதானால் இந்த லாபம் சுருங்கிவிடும். மிகப் பெரிதானாலோ நியூட்ரான் லேசாகத் திசைமாறி முன்னோக்கியே போய்விடும், திரும்பாது.

வைரமே ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கார்பன் நியூட்ரானை நன்றாகச் சிதறடிக்கும், ஆனால் விழுங்காது. அந்தக் கார்பன் அணுக்களை ஒரு சிறு இடத்துக்குள் மிக நெருக்கமாக அடுக்கிய வடிவம் வைரம்.

கிரெனோபிளில் ஒரு பொறி

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் கிரெனோபிள். அங்கே 1967-ல் நிறுவப்பட்ட லாவ்-லாஞ்செவின் ஆய்வு நிறுவனத்தில், நியூட்ரான்களுக்காகவே 58 மெகாவாட் அணுஉலை ஒன்று இயங்குகிறது. மெதுவான நியூட்ரான்களை இன்னும் மெதுவாக்க அங்கே ஒரு சக்கரம் உண்டு. வேகமாக வரும் பந்தைக் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம் அல்லவா? அதுபோல, நியூட்ரான் வரும் திசையிலேயே பின்வாங்கும் தகடுகள் கொண்ட சக்கரம் அது. அதில் மோதும் நியூட்ரான் பெரும்பாலான வேகத்தை இழந்து, மெத்தென்று வெளியே வரும்.

இந்த நிறுவனத்தில் பணியாற்றும் இயற்பியலாளர் வலேரி நெஸ்விஷெவ்ஸ்கி. ஈர்ப்பு விசையில் கண்ணாடிமேல் குதிக்கும் நியூட்ரான்கள் எல்லா உயரங்களிலும் இருக்காது, படிக்கட்டுபோலக் குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே இருக்கும் என்று 2002-ல் சோதனையில் காட்டிய குழுவின் முதன்மை ஆய்வாளர். நானோ துகள்மீது அவருடைய பார்வை விழுந்ததற்கு ஒரு சின்னப் புதிர் காரணம். ஜாடியில் அடைத்துவைத்த நியூட்ரான்களில் சில, காரணமே இல்லாமல் துளியூண்டு ஆற்றல் கூடி வெளியேறிக்கொண்டிருந்தன. சுவரில் ஒட்டியிருக்கும் நானோ துகள்களின் ஆட்டத்தில் மோதியதால் இருக்கலாம் என்று அவரும் சகாக்களும் யோசித்தார்கள். நியூட்ரானும் நானோ துகளும் மோதினால் என்னென்ன நடக்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, பிரதிபலிப்பான் என்ற யோசனை கைவந்தது. திருடனைத் தேடப் போய்க் காவல்காரனைக் கண்டுபிடித்த கதை!

கிரெனோபிள், டுப்னா ஆய்வாளர்கள் சேர்ந்து வைரத்தூளில் நியூட்ரான்கள் பட்டுத் திரும்புவதை அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். 2009-ல் அடுத்த படி. சுவர்களில் இந்தத் தூளை நிரப்பி ஒரு பொறி செய்தார்கள். நொடிக்கு நூறு மீட்டரைத் தாண்டும் வேகமுள்ள நியூட்ரான்கள்கூட அதற்குள் மீண்டும் மீண்டும் மோதித் தங்கின. அதுவரை எந்தச் சுவரும் தடுத்து நிறுத்தாத வேகம் அது.

வில்லன் பெயர் ஹைட்ரஜன்

ஆனால், தூள் சுத்தமில்லை. வெடிப்பில் பிறந்த வைரத் துகளின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். போதாக்குறைக்குக் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரஜன் இங்கே சரியான வில்லன். வெப்பத்தில் துடித்துக்கொண்டிருக்கும் அந்த லேசான அணுவில் மோதினால், மெதுவான நியூட்ரானுக்கு ஒரே உதையில் வேகம் எகிறிவிடும். அப்புறம் வைரத்தூளால் அதைத் தடுக்க முடியாது.

சூடேற்றினால் ஈரம் போய்விடும். ரசாயனப் பிணைப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் அவ்வளவு சுலபத்தில் போகாது. அதை விரட்ட ஆய்வாளர்கள் ஃபுளோரினை அழைத்துவந்தார்கள். தோசை ஒட்டாத தவாவின் பூச்சில் கார்பனோடு இறுகப் பிடித்திருக்கும் அதே ஃபுளோரின்தான். ஃபுளோரின் வாயுவில் தூளைப் பக்குவப்படுத்தும்போது, ஹைட்ரஜன் இருந்த இடத்தை ஃபுளோரின் பிடித்துக்கொள்கிறது. வைரத்தைச் சுற்றி ஓடுபோல இருக்கும் வேறு வகைக் கார்பனும் உதிர்ந்துபோகிறது. ஃபுளோரினும் நியூட்ரானை அதிகம் விழுங்காது என்பதால் நஷ்டம் இல்லை. 2018-ல் வெளியான ஆய்வுகளில், இப்படிப் பக்குவப்படுத்திய தூள் பழைய தூளைவிடத் தெளிவாகவே நன்றாகப் பிரதிபலித்தது.

இன்னொரு தலைவலி, கட்டி தட்டுதல். மழைக்காலத்து உப்பு மாதிரி நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. கட்டி பெரிதானால், மேலே சொன்னதுபோல நியூட்ரான் திரும்பாமல் முன்னோக்கி நழுவும். கட்டிகளை உடைத்து, வேகமாகச் சுழற்றி, அளவு வாரியாகத் துகள்களைப் பிரித்தெடுப்பதில் ரஷ்ய ஆய்வகங்களும் கிரெனோபிளும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், இந்தத் துறையின் பாதி உழைப்பு இப்படிப் புடைப்பதிலும் சலிப்பதிலும்தான் போகிறது.

பத்து நொடிச் சண்டை

இவ்வளவு மெனக்கெட்டு மெதுவான நியூட்ரான்களைச் சேர்த்து என்ன செய்யப்போகிறார்கள்?

அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் நிலைக்காது. கால்மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான சராசரி ஆயுளில் அது சிதைந்து புரோட்டானாக மாறிவிடும். சரியாக எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஜாடியில் அடைத்து, எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணினால் சுமார் 878 நொடிகள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் காந்தப் பொறியில் அளந்து 2021-ல் வெளியிட்ட விடை 877.75 நொடிகள். ஓடும் கற்றையில் எத்தனை புரோட்டான்கள் பிறக்கின்றன என்று எண்ணி 2013-ல் சொல்லப்பட்ட விடை 887.7 நொடிகள். இரண்டு தரப்பும் கவனமாகத்தான் அளந்திருக்கிறார்கள். ஆனாலும் பத்து நொடி இடிக்கிறது.

பத்து நொடிதானே என்று விட முடியாது. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில், சிதையாமல் மிஞ்சிய நியூட்ரான்களின் எண்ணிக்கைதான் பிரபஞ்சத்தில் எவ்வளவு ஹீலியம் உருவாகும் என்பதைத் தீர்மானித்தது. இன்று சாதாரணப் பொருளின் நிறையில் நாலில் ஒரு பங்கு ஹீலியம் என்றால், அந்தக் கணக்குக்குள் நியூட்ரானின் ஆயுளும் இருக்கிறது.

வைரத்தூள் சுவர்களால் இந்தச் சண்டையை நேரடியாகத் தீர்க்க முடியாது. துல்லியமாக ஆயுளை அளக்கும் அளவுக்கு அவை இழப்பில்லாத சுவர்கள் அல்ல. அவை தரக்கூடியது எண்ணிக்கையை. நியூட்ரானுக்குள் மிக நுண்ணிய மின் சமனின்மை இருக்கிறதா என்று தேடும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் காணாமல்போனது ஏன் என்ற கேள்வியோடு தொடர்புள்ள தேடல் அது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் நடந்து 2020-ல் முடிவு வெளியான அந்தச் சோதனையில், கருவியின் குறைகளைவிட நியூட்ரான்களின் எண்ணிக்கைப் பற்றாக்குறைதான் துல்லியத்துக்குப் பெரிய தடையாக இருந்தது. நூறு மடங்கு நியூட்ரான் கிடைத்தால் துல்லியம் பத்து மடங்கு கூடும். புள்ளியியலின் கறாரான கணக்கு அது, சலுகை தராது.

ஸ்வீடனில் அடுத்த கட்டம்

ஸ்வீடனின் லுண்ட் நகரில் எழுந்துவரும் ஐரோப்பிய நியூட்ரான் மையத்தில் அணுஉலை கிடையாது. முடுக்கப்பட்ட புரோட்டான்கள், சுழலும் டங்ஸ்டன் சக்கரத்தில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்கவிடும். அந்த மையத்தில் இரண்டாவது நியூட்ரான் மூலம் ஒன்றை வடிவமைக்க, 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 'ஹைநெஸ்' என்ற திட்டம் தொடங்கியது. அதில் ஆராயப்பட்டவற்றில் ஒன்று, மெதுவான நியூட்ரான்கள் வெளியேறும் வழியைச் சுற்றி நானோ வைரத்தூளை வைத்தால் எவ்வளவு லாபம் என்பது. கணினியில் கணக்குப் போடுவது ஒரு பாதி. கடும் கதிர்வீச்சுக்கும் கடுங்குளிருக்கும் நடுவில், காற்றில் பறக்கக்கூடிய ஒரு தூளைக் கொட்டாமல், கட்டி தட்டாமல், ஃபுளோரின் கழன்றுவிடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது மறுபாதி. பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த மறுபாதியில்தான்.

அந்த மூலத்தை நம்பியிருக்கும் சோதனைகளில் ஒன்று, நியூட்ரான் தானாகவே எதிர்நியூட்ரானாக மாறுமா என்று பார்க்கப்போகிறது. அப்படி மாறினால், பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே நாம் இதுவரை கண்டிராத ஒரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகத் தனி நியூட்ரான்களை வைத்து இதைத் தேடிய சோதனையின் இறுதி முடிவு 1994-ல் வெளியானது. ஒரு மாற்றம்கூடச் சிக்கவில்லை. மாற்றம் நடந்தாலும் அதற்கு 8.6 கோடி நொடிகளுக்கு மேல் ஆகும் என்ற எல்லையை மட்டும் சொல்ல முடிந்தது. அதைவிட 1,000 மடங்கு கூர்மையாகத் தேடுவது லுண்டின் இலக்கு. அந்தப் பழைய சோதனை நடந்த இடம், வைரத்தூள் பொறி செய்யப்பட்ட அதே கிரெனோபிள்.